மாப்பிள்ளை கேட்ட தண்ணீர்

நிஸ்தார், உன்னைப் பற்றி எழுதச் சொல்கிறார்கள், மச்சான். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது என்று உனக்குத் தெரியும். சுண்ணாம்பு வேலை பழக வரும் தம்பிமாருக்கு உன் கலியாண வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நானும் நிஸ்தாரும் கல்முனையில் சேர்ந்து மேசன் வேலை செய்தோம். எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். அவனுக்குப் பேசிய பெண்ணின் வீடு பழைய கல் வீடு. முன் மூலை இறங்கி, சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. யாரோ அத்திவாரத்தின் மேல் சீமெந்து பூசி ஈரத்தை உள்ளே அடைத்திருந்தார்கள். கல்லுக்கு நடுவே இருந்த சாந்து மாவாகக் கொட்டியது.

"நான் குடியிரிக்கப் போற வீடு. வேற ஆள் கை வைக்க ஏலா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

பெண்ணின் உம்மா, அதாவது மாமிக்கு, வெட்கம். "மாப்புள குழிக்குள்ள நிக்காரே, ஊரு என்ன கதைக்கும்?" மருமகனை ஏச முடியாதே, ஏச்செல்லாம் எனக்குத்தான்.

மூலையை ஒரேயடியாகத் தோண்டினால் சுவர் விழும். ஒரு துண்டைத் தோண்டி, கல்லை இறுக்கி, சுண்ணாம்புச் சாந்து திணித்து, பக்கத்துத் துண்டை விட்டு அடுத்ததற்குப் போவோம். கட்டியதை ஈரச் சாக்கால் மூட வேண்டும். சூடான கச்சான் காற்று பட்டால் சாந்து சட்டென்று காய்ந்து பொடியாகிவிடும்.

நடுவில் வேறொரு வேலைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், சாக்கெல்லாம் சவர்க்காரம் போட்டுக் கழுவி வேலியில் காய்கிறது! நிஸ்தாரின் உம்மா வருகிறார் என்று மாமி முற்றத்தைத் துப்புரவாக்கியிருக்கிறார்.

"ஊத்தச் சாக்கு கிடந்தா உங்கட உம்மா என்ன நினைப்பா, மகன்?"

நிஸ்தார் சாந்தை நகத்தால் சுரண்டினான். பொடி கொட்டியது.

"கலியாணத்துக்குள்ள முடியுமாடா?" என்று கேட்டேன்.

"முடியா."

பெண்ணின் வாப்பா வந்தார். "சீமெந்து அடிங்க மகன், நாளைக்கே முடிஞ்சிரும்."

"மாரி பெய்ஞ்சா திரும்ப இறங்கும், மாமா. கலியாணத்தக் கொஞ்சம் தள்ளி வைங்க."

மாப்பிள்ளை கலியாணத்தைத் தள்ளச் சொன்னால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான்: சீதனம் போதவில்லை. உள்ளே பெண் அழும் சத்தம் கேட்டது. மாமாவின் முகம் கறுத்துவிட்டது.

"இன்னும் என்ன வேணும்? சொல்லுங்க."

"தண்ணி, மாமா."

"என்ன?"

"சாக்கு நனைக்க, காலையிலயும் பின்னேரமும் ரெண்டு வாளி தண்ணி. வேற ஒண்டும் வேணா."

உள்ளே அழுகை சிரிப்பாக மாறியது. மாமி வாளியோடு கிணற்றடிக்குப் போனார்.

பொடியானதை எல்லாம் சுரண்டி, திரும்பக் கட்டினோம். கலியாணம் பிந்தி நடந்தது. எத்தனையோ மாரி போய்விட்டது, மூலை அசையவில்லை.

போன மாதம் காய்ச்சலில் நிஸ்தார் மௌத்தாகிவிட்டான். அவனைக் கிடத்திய சந்தூக்கை அந்த வாசலால்தான் தூக்கினோம். தோள் கொடுத்துக்கொண்டு போகும்போதும் என் கண் அந்த மூலைக்குத்தான் போனது. ஒரு கீறல்கூட இல்லை.

பிறகு பார்ப்போம் என்று அவன் விட்டுவைத்த குசினிப் பக்கத்தை இப்போது நான் தனியாகக் கட்டுகிறேன். நேற்றுக் காலை போனால், சாக்கு ஏற்கெனவே நனைந்திருக்கிறது. மாமி வாளியோடு நிற்கிறார்.

"அவர் எங்கள்ட்டக் கேட்டது இது மட்டுந்தானே, மகன்" என்றார்.

தம்பிமாரே, யார் அவசரப்படுத்தினாலும் சுண்ணாம்பை அவசரப்படுத்தாதீர்கள். இதை வாசிக்கிற எல்லோரும் ஒருமுறை கையேந்தி, என் நிஸ்தாருக்கு ஒருநாளும் இறங்காத ஒரு வீட்டை அல்லாஹ் அங்கே கொடுக்க வேண்டும் என்று துஆக் கேளுங்கள்.