அம்மாவின் சாண்

கும்பகோணத்தில் ஒரு ஒர்க் ஷாப்பில் பத்து வருஷம் கிரீஸில் ஊறிய கை என்னுடையது. சின்னக் கை. அதனாலேயே இடுக்கில் விட்டுக் கழற்றுகிற வேலையையெல்லாம் என் தலையில் கட்டினார்கள். அம்மா நேர்மாறு. நெடுநெடுவென்று உயரம், முறம் மாதிரி கை. இதை முதலில் சொல்லாவிட்டால் கல்லின் கதை புரியாது.

நில உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதாரிடமிருந்து போன நிலத்தில் ஒரு ஏக்கர், அம்மா பெயருக்குப் பட்டாவாக வந்தது. இருபது வருஷம் அவள் கூலிக்கு நடவு நட்ட அதே வயல். மிராசுதாருக்கு வயிறு எரிந்தது. ஆட்சி மாறினால் அவர் காரில் கொடி மாறும். கார் மாறாது, அவரும் மாற மாட்டார். பட்டாவை ஒன்றும் செய்ய முடியவில்லை என்றதும் பாதையில் கை வைத்தார்.

எங்கள் வயலுக்கு இருப்பது ஒரே வண்டிப் பாதை. இரண்டு பக்கமும் வாய்க்கால். கிராம வரைபடத்தில் அது புறம்போக்கு. வரைபடம் என்ன, கம்பு எடுத்துக்கொண்டு காவலா நிற்கும்? நான் ஒரு பழைய பிக்கப் வாங்கி ஓட்டி வந்த மறுவாரம், பாதையின் நட்டநடுவில் ஒரு கல் நின்றது. மஞ்சள் பூசி, உச்சியில் குங்குமம் வைத்திருந்தார்கள். எல்லைச் சாமி கனவில் வந்து இடம் கேட்டதாம். யார் கனவில்? மிராசுதார் கனவில்! எங்கள் பக்கம் மஞ்சள் பட்ட கல்லை ஒருவனும் அசைக்க மாட்டான். அசைத்தால் சாமி குத்தம் ஒரு பக்கம், சாமியை உடைத்தான் என்று போலீஸ் கேஸ் ஒரு பக்கம்.

அந்தச் சாமிக்கு ஒரு விசேஷம் உண்டு. மிராசுதாரின் டிராக்டர் அதன் மேலே தாராளமாகப் போகும். கல் முளைத்த அன்று வயலில் நின்று, உள்ளேயே மாட்டிக்கொண்ட என் பிக்கப் வெளியே வந்தால் முன்பக்கத்து அடிச்சட்டம் இடிக்கும். அளவெடுத்து வந்த கடவுள் அது.

தாசில்தார் ஆபீஸில் மனு கொடுத்தோம். "பார்க்கலாம்" என்றார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அதற்குள் சம்பா அறுத்து, நெல் வயலோரம் குவிந்துவிட்டது. வானம் கறுத்துக்கொண்டு நின்றது. தெருவில் எல்லாரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள்: ஆளுக்கு நாலு மூட்டை தலையில் தூக்கினால் ரோட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

அம்மாவுக்கு வந்ததே கோபம்! "இருபது வருஷம் அவன் நெல்ல என் தலையில சுமந்தேன். என் நெல்லு வண்டியிலதான் போவும். இல்லன்னா மழையில மொளைச்சுக் கெடக்கட்டும், போ."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் சொன்னால் முளைக்கத்தான் விடுவாள்.

அன்று மத்தியானம்தான் எனக்கு உறைத்தது. கல்லை அசைக்க முடியாது, சரி. வண்டியை உயர்த்தலாமே! என் பிக்கப்பின் முன்சக்கரத்துக்குச் சுருள் ஸ்பிரிங் கிடையாது, டார்ஷன் பார்தான். பக்கத்துக்கு ஒன்றாக நீள எஃகுக் கம்பி. ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கிக்கொண்டு வண்டியின் பாரத்தைத் தாங்கும். கம்பியின் பின்முனையில் ஒரு போல்ட். அதை இறுக்கினால் வண்டியின் மூக்கு உயரும்.

எவ்வளவு உயர வேண்டும்? டேப்பை எடுத்துக்கொண்டு போனால் மிராசுதாரின் ஆட்கள் விடுவார்களா? அம்மா சொம்பில் மஞ்சள் தண்ணீர் எடுத்துக்கொண்டு சாமி கும்பிடப் போனாள். ஊற்றுகிற சாக்கில் கல்லோடு கையை வைத்துச் சாண் போட்டாள். வந்து சொன்னாள்: "சரியா ஒரு சாணுடா."

ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கினேன். சக்கரம் தொங்கி, கம்பியில் பாரம் இல்லாதபோதுதான் போல்ட் சொன்னபடி கேட்கும். வலது பக்கம் எத்தனை சுற்றோ இடது பக்கமும் அத்தனை. இறக்கி, வண்டியை முன்னும் பின்னும் தள்ளி, பம்பரில் ஏறிக் குதித்து அதை உட்கார வைத்தேன். இறக்கின உடனே அளந்தால் பொய்தான் சொல்லும். பிறகு அடியில் படுத்து அளந்தேன். ஒரு சாணுக்கு மேலே ஒரு விரல் இடைவெளி. செங்கல்லை அதே உயரத்துக்கு அடுக்கி மேலே ஓட்டியும் பார்த்தேன். தட்டவில்லை. எனக்கு ஒரே பெருமை.

அம்மா செங்கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னடா இது, இவ்ளோ குட்டையா இருக்கு? சாமி இதவிட ஒசரம்."

"நீதானே ஒரு சாண்னு சொன்ன?"

"என் சாணுடா, மடையா!"

சாண் போட்டது அவள் கை. நான் அளந்தது என் கை. என் சாணோடு இரண்டு விரல் சேர்த்தால்தான் அவள் சாண். அப்படியே போயிருந்தால் சாமி வாய்க்காலில் கிடந்திருக்கும், நான் ஸ்டேஷனில் கிடந்திருப்பேன்.

மறுபடி ஜாக்கி. இந்த முறை அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் தானே படுத்தாள். "இன்னும்... இன்னும்..." நான் போல்ட்டை இறுக்கி இறுக்கி இறக்கினேன், அவள் கையை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். இவ்வளவு முறுக்கக் கூடாது, டயர் ஒருபக்கமாகத் தேயும், சக்கரத்தைப் பிடித்திருக்கிற பால் ஜாயின்ட் போய்விடும் என்று ஒர்க் ஷாப்பில் நானே நூறு பேருக்குப் புத்தி சொன்னவன்தான். தேயட்டும் என்றேன். பின் அச்சின் நடுவில் தொங்குகிற பல்சக்கர உருண்டையும் அவள் கையை மயிரிழையில்தான் தாண்டியது.

மறுநாள் காலை மூட்டைகளைப் பின்பக்கமாகத் தள்ளி அடுக்கினேன், மூக்கு தாழாமல் இருக்க. பாதையில் மிராசுதார் நாலு ஆட்களோடு நின்றார். சாமி விழும், கேஸ் போடலாம் என்று வந்து நின்ற முகம். அம்மா கல்லுக்கு அருகில் குந்தி, வண்டியின் அடியையே பார்த்துக்கொண்டு கையை ஆட்டினாள். முதல் கியரில் நத்தையாக ஊர்ந்தேன். அடிச்சட்டம் தாண்டியது. பின் உருண்டை வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன், பொய் சொல்வானேன். ஒரு சத்தமும் இல்லை.

அவருடைய ஆள் ஓடிவந்து கல்லைக் குனிந்து பார்த்தான். உச்சிக் குங்குமம் கலையவில்லை.

"சாமி மேலயே வண்டிய ஏத்துறியா?" என்று மிராசுதார் அம்மாவிடம் கத்தினார்.

அம்மா எழுந்து முந்தானையை உதறினாள். "எங்கங்க ஏத்துனோம்? சாமிக்குக் கொஞ்ச நேரம் நெழலு குடுத்தோம். ஒங்க டிராக்டரு தெனமும் குடுக்குற அதே நெழலுதான்."

அவருடைய ஆட்களில் ஒருவனே சிரித்துவிட்டான்.

அம்மா வந்து எனக்குப் பக்கத்தில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நெல் விற்கிற இடத்துக்குப் போகிற ரோடு மிராசுதார் வீட்டு வாசல் வழியாகத்தான் போகும். அந்த வாசலில்தான் அவள் இருபது வருஷம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். வீடு நெருங்கியதும் என்னைக் கேட்காமலே அந்தப் பெரிய கையை நீட்டி ஹாரனை அழுத்தினாள். தெரு முடிகிறவரை எடுக்கவில்லை.