‘ல’ எழுத்துக்கு ஒரு படம்

“கதிரையை இஞ்சால கொண்டு வாங்கோ” என்று யாராவது சொன்னால், இத்தனை வருடத்துக்குப் பிறகும் என் மனம் முதலில் நாற்காலி என்று சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கையை நகர்த்துகிறது. அந்த ஒரு நொடிப் பிந்தலை யாரும் கவனிப்பதில்லை. மலையில் தேயிலைத் தோட்டங்களில் இருக்கிற உங்களுக்கும், என்னைப்போல் அங்கிருந்து வன்னிக்கு இறங்கி வந்தவர்களுக்கும் இது விளங்கும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுதிப் பழக்கமில்லை. வாயால் சொல்லாமல் விட்ட ஒன்றைத்தான் எழுதுகிறேன்.

விசுவமடுவில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு சமைக்கிறேன். முதலாம் வகுப்பு ரீச்சர் யாழ்ப்பாணத்துக்காரி, நல்ல பிள்ளை. எழுத்தோசை பழக்கும் புத்தகங்களில் நம் பிள்ளைகள் கண்டிராத படங்களே இருக்கின்றன என்று அவருக்குக் கவலை. அதனால் தானே ஒரு புத்தகம் செய்யத் தொடங்கினார். ஒவ்வொரு பிள்ளையும் ஓர் எழுத்துக்குத் தன் வீட்டுச் சொல் ஒன்றைச் சொல்ல வேண்டும். ரீச்சர் படம் கீறுவார். ‘கு’வுக்குக் குளம் வந்தது. ‘உ’வுக்கு உழவு மெசின் வந்தது. ‘ல’ கவிதாவுக்கு விழுந்தது.

கவிதா என் பக்கத்து வளவுப் பிள்ளை. அவள் தாய் பூரணம் மலையிலிருந்து கலியாணம் முடித்து வந்தவள். வேலிக்குள் நாங்கள் மூவரும் மலைப் பேச்சுத்தான். அங்கே அவளுக்கு நான் அம்மாயி. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளைப்போல ஆச்சி என்பாள். அப்படிப் பழக்கியது நான்தான்.

“லயம்” என்றாள் கவிதா.

ரீச்சருக்குச் சந்தோசம். “அட, என்ன வடிவான சொல்! உங்கட வீட்டில ஆரும் பாட்டுக்காரரோ?” என்று கேட்டபடியே ஒரு மிருதங்கத்தைக் கீறினார்.

“இது இல்ல ரீச்சர். லயம்னா வீடு. வரிசையா கதவு இருக்கும். எங்கம்மா அங்கதான் பொறந்தாங்க.”

“மேளத்துக்குள்ள வீடாம்!” என்று ஒருவன் கத்தினான். “அப்ப நீங்கள் படுக்கேக்க ஆரடி தட்டுறது?” என்றாள் இன்னொருத்தி. வகுப்பே சிரித்தது.

சோற்றுச் சட்டியோடு வாசலில் நின்ற என்னைக் கவிதா திரும்பிப் பார்த்தாள். “ஆச்சி, நீங்க சொல்லுங்க.”

நான் பிறந்ததும் லயத்தில்தான். ஒரே கூரைக்குக் கீழே ஒட்டி ஒட்டி இருந்த அறைகள். அடுத்த வீட்டில் யாரும் இருமினால் எங்கள் சுவர் இருமும். இனக்கலவரத்தில் அது எரிந்த பிறகு அப்பாவோடு இங்கே காடு வெட்ட வந்தோம். வந்த கிழமையே கிணற்றடியில் ஒரு பெண், “நீங்கள் எவடம், பிள்ளை?” என்று அன்பாகத்தான் கேட்டார். “தோட்டமுங்க, லயத்துல இருந்தோம்” என்றேன். மறுநாள் நான் அள்ளி முடித்த பிறகு அவர் வாளியை மூன்று தரம் கழுவினார். அன்றிலிருந்து ‘ஆமா’வை விட்டு ‘ஓம்’ சொல்லப் பழகினேன். யார் கேட்டாலும் இந்தப் பக்கத்து முள்ளியவளைதான் என் ஊர் என்றேன். பிறகு சண்டையில் ஊரெல்லாம் இடம்பெயர்ந்து கலந்துபோனதில், என் பொய்யை விசாரிக்கவும் ஆளில்லாமல் போயிற்று.

“என்ன ஆச்சி, அப்பிடியும் ஒரு சொல் இருக்கோ?” ரீச்சர் நக்கலாகக் கேட்கவில்லை. அறிந்துகொள்ளத்தான் கேட்டார். கையில் அழிறப்பர்கூட இருந்தது. ஓம் என்று ஒரு சொல் நான் சொல்லியிருந்தால் மிருதங்கத்தை அழித்துவிட்டு வீட்டைக் கீறியிருப்பார்.

“எனக்குத் தெரியேல்லை ரீச்சர். மேளமாத்தான் இருக்கும்” என்றேன்.

பிள்ளைகள் மேசையில் தாளம் தட்டி, “ல... லயம்” என்று ஓசை பழகினார்கள். கவிதாவின் கை தட்டியது. வாய் அசையவில்லை. அன்று அவளுக்குச் சோறு போடும்போது அவள் தட்டை மட்டும்தான் பார்த்தேன்.

பின்னேரம் ரொட்டி சுட்டு, தட்டோடு வேலியடிக்குப் போனேன். “கவிதா, ரொட்டி சுட்டிருக்கேன். வா புள்ள.”

அவள் முற்றத்தில் குந்தியிருந்து மண்ணில் குச்சியால் எதையோ கீறிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எனக்கு வேண்டாம், ஆச்சி.”

நான் பழக்கிய சொல். வேலிக்குள் அதை அவள் சொன்னது அன்றுதான். குச்சியைப் போட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள். சற்று நேரத்தில் பூரணம் மகளிடம் மலைப் பேச்சில் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. ரொட்டி ஆறும்வரை இந்தப் பக்கமே நின்றேன். ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது.