மொட்டை மாடியில் ஒரு சாக்பீஸ் கோடு

மகளின் வலது ஆள்காட்டி விரலில் மெல்லிய கீறல் ஒன்று. கேட்டதற்கு, பென்சில் சீவுகிற பிளேடு என்றாள். மறுநாள் அதே விரலில் இன்னொன்று. நோட்டுப் பேப்பர் கிழித்துவிட்டதாம். மூன்றாம் நாள் நான் கேட்கவே இல்லை. கேட்டால் பொய்தான் வரப்போகிறது.

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. வடக்கே தலைநகரில், மோதி பாக் சர்க்கார் குவார்ட்டர்ஸில் எங்களுக்குக் கீழ் வீடு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த நான், இந்த ஊரில் பால்காரன் தொடங்கி ஒருத்தரையும் நம்பாமல்தான் பத்து வருஷம் குடித்தனம் நடத்தியிருந்தேன். பெற்ற பிள்ளைக்கு மட்டும் விதிவிலக்கா என்ன?

வேவு பார்க்க ஆரம்பித்தேன். மருந்து டப்பாவில் பிளாஸ்டர் சுருள் இளைத்துக்கொண்டே வந்தது. பால் என்றாலே முகம் சுளிக்கிறவள், ஒரே மடக்கில் டம்ளரைக் காலி செய்துவிட்டு, "கீழ விளையாடப் போறேம்மா" என்று ஓடினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் புல்தரையில் அவளைக் காணோம்.

கணவர் ஆபீஸிலிருந்து வந்ததும் சொன்னேன். "ஏங்க, புள்ள என்னமோ மறைக்கா."

"நீ போலீஸ்ல சேந்திருக்கணும்" என்று பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அவர்மீதும் எனக்குச் சந்தேகம் வந்தது.

மறுநாள் சாயங்காலம் மேல் வீட்டு பஞ்சாபிக்காரியை மாடிப்படியில் மடக்கிக் கேட்டேன். "பச்சே ஹைன், கேல்னே தோ" என்று சிரித்தாள். குழந்தைகள்தானே, விளையாடட்டுமாம். எங்கே என்று சொல்லவில்லை. ஆனால் அவள் கண் ஒரு நொடி மேலே போய் வந்தது.

அப்போதுதான் உறைத்தது. ஆகஸ்டு மாதம், சுதந்திர தினத்தையொட்டி இந்த ஊரே மாடியேறி நிற்கிற சமயம். பட்டம்! விரலை அறுத்தது கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல். எங்கள் மொட்டை மாடிச் சுவர் என் முழங்கால் உயரம்கூட வராது. பட்டத்தையே பார்த்துக்கொண்டு பின்னால் நடந்து யாரோ விழுந்தார்கள் என்று வருஷா வருஷம் பேச்சு வரும்.

செருப்புகூடப் போடாமல் படியேறி ஓடினேன். மேலே ஐந்தாறு குழந்தைகள். என் மகள் அண்ணாந்து நூலை இழுத்துக்கொண்டே ஓர் அடி பின்னால் வைத்தாள்.

"ஏட்டி!" என்று அலறினேன்.

அந்தச் சத்தத்தில் அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். கால் தடுமாறி இன்னும் இரண்டடி சுவர்ப்பக்கம் போய்விட்டாள். பாய்ந்து கையைப் பிடித்தேன். நூல் நழுவிப் பட்டம் போயிற்று.

அவள் அழவில்லை. தரையைக் காட்டினாள். சுவரிலிருந்து நாலடி உள்ளே தள்ளி, மாடியைச் சுற்றிலும் சாக்பீஸ் கோடு.

"இதத் தாண்டுனா அன்னைக்கு முழுக்க அவுட். ஒருத்தி பட்டம் விட்டா இன்னொருத்தி அவ காலையே பாத்துட்டு நிக்கணும். நான் ஒரு நாளும் தாண்டுனதில்லம்மா. இன்னைக்கு நீ கத்துனதுலதான்."

"யாரு போட்ட கோடு?"

"நான்தான். மழையில அழிஞ்சா திரும்பப் போடுவேன்."

நம்பவில்லை. மற்றக் குழந்தைகளின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் தலையாட்டின. முன்னாலேயே பேசிவைத்திருக்குமோ என்றுகூட நினைத்தேன்.

மகள் என் கையை உதறிவிட்டுப் போய், தண்ணீர்த் தொட்டி ஓரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவுட்டானவர்கள் உட்காருகிற இடம் அது. யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. அதைப் பார்த்ததும்தான் நம்பினேன். வெட்கமாக இருந்தது.

ஒரு வாண்டு என் புடவையை இழுத்தாள். "ஆண்ட்டி, ஆப் பீ அவுட்."

நானும் அவுட்டாம். குனிந்து பார்த்தேன். என் இரண்டு காலும் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தன. போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் பாலைப் பாதியிலேயே வைத்துவிட்டு, "மாடிக்குப் போறேம்மா" என்றாள்.