பிரித்துப் போட்ட டிராக்டரில் அமுங்கிய பெடல்

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். தப்பும் தவறுமாக இருக்கும், முன்னே பின்னே மறந்தும் போயிருக்கும், மன்னித்துக்கொள்ளுங்கள். யாராவது பேய் பற்றிப் பேசினால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறவள் நான். நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்றும் தெரியும்.

என் மகன் செல்வம் ஹவுராவில் டிராக்டர் ரிப்பேர் ஷெட் வைத்திருக்கிறான். போன விஸ்வகர்மா பூஜை அன்று காளிகாட்டிலிருந்து அவனுக்குச் சாப்பாடு எடுத்துப் போனேன். அன்றைக்கு இங்கே எந்தப் பட்டறையிலும் ஆயுதத்தைத் தொட மாட்டார்கள், பூஜை போட்டுவிட்டுப் பட்டம் விடப் போய்விடுவார்கள். இவன் மட்டும், வயல்காரர் ஒருவர் அவசரப்படுத்தினார் என்று அவருடைய பழைய டிராக்டரைக் கிளட்ச் மாற்றுவதற்காக இரண்டாகப் பிரித்துப் போட்டிருந்தான்.

பக்கத்துப் பட்டறை ஹாரு எட்டிப் பார்த்தான். என்னை மாஷிமா என்பான், வங்காளத்தில் சித்தி மாதிரி.

"மாஷிமா, இன்னிக்கு ஸ்பேனருக்கே லீவு. உங்க பையனுக்குக் கிடையாதா?"

சிரித்துவிட்டுப் போய்விட்டான். அப்புறம் ஷெட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

இஞ்சின் முன்னால் தனியாக நின்றது, கியர்பெட்டியும் சீட்டும் பின்னால் தனியாக. பிரித்துவிட்டால் இஞ்சின் ஒரு பக்கமாகச் சாயுமாம், அதனால் முன் அச்சில் இரண்டு பக்கமும் மரக்கட்டை அடித்து இறுக்க வேண்டுமாம். செல்வம் பக்கவாட்டில் நின்று, இடையில் தலையை விட்டுக் கிளட்ச் தட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். நல்ல பகல். நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்கும்போதே, பின்பாதியில் இருந்த கிளட்ச் பெடல் மெல்ல அமுங்கியது. அடிவரை போய் அப்படியே நின்றது.

"டேய், யாரோ கிளட்ச மிதிக்கிறாங்கடா!"

"ஸ்பிரிங் போயிருக்கும்மா. சும்மா இரு."

"வந்து பாக்குறியா, இல்ல சாப்பாட்டத் தூக்கிட்டு நான் கிளம்பவா?"

முணுமுணுத்துக்கொண்டே வந்தான். இரண்டு எட்டு வைத்திருப்பான், அவன் நின்ற பக்கமாகவே இஞ்சின் சாய்ந்து விழுந்தது. தரை அதிர்ந்தது. பெடல் அப்போதும் அமுங்கியே இருந்தது.

அந்தப் பக்கத்துக் கட்டையைக் காணோம். இரண்டும் அடித்தேன் என்று சத்தியம் செய்கிறான், அவசரத்தில் ஒன்றைத்தான் அடித்திருப்பான் என்று எனக்குச் சந்தேகம். அது கிடக்கட்டும். வயல்காரருக்குப் போன் செய்து, பெடல் தானாக அமுங்கியது என்று மட்டும் சொன்னான். வண்டிக்கு என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவே இல்லை.

"பெடல்லேர்ந்து காலை எடுத்துட்டானா?" என்று கேட்டாராம். யார் என்று செல்வம் கேட்டதும் போனை வைத்துவிட்டார்.

இன்றுவரை வண்டியை எடுக்க வரவில்லை. இடத்தை அடைக்கிறது, அடுத்த வாரம் பொருத்திவிடப் போகிறேன் என்கிறான் செல்வம். வண்டி வேலை தெரிந்த யாராவது, பிரித்த டிராக்டரில் பெடல் தானாக அமுங்குமா என்று சரிபார்த்து, அதற்குள் எனக்குச் சொல்லுங்கள்.