மூன்று பின் கப்ளர்

அந்த மாதம் காரை நாற்பத்தொரு முறை ஸ்டார்ட் செய்தேன். இருபத்தாறு முறை எடுத்தது, பதினைந்து முறை எடுக்கவில்லை. அந்தப் பதினைந்தில் ஒன்பது முறை என் மனைவி உள்ளே உட்கார்ந்திருந்தாள். வினை அங்கேதான் பிடித்தது.

காரைக்குடியில் பழைய வீடொன்றை ஹோட்டலாக்கியவர் எங்கள் அந்தக்காலத்துக் காரைக் கேட்டிருந்தார். முற்றத்தில் நிறுத்தி வைத்தால் வருகிறவர்கள் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வார்களாம். ஓட வேண்டிய அவசியமே இல்லை என்றார். இந்த வண்டிக்கு இதைவிடத் தோதான வேலை கிடையாது என்று என் மனைவிக்குப் பட்டுவிட்டது.

"தம்பி அறுபதாங்கல்யாணத்துக்கு இந்த வண்டியில நெற்குப்பைக்குப் போறோம், இதுலயே திரும்பி வாறோம். ஒருவாட்டி மக்கர் பண்ணுச்சுன்னாலும் அந்த ஹோட்டல்காரர் எடுத்துக்கிறட்டும். கேக்குதாங்க?"

கேட்டது. பதினெட்டு நாள் இருந்தது.

கோளாறு என்னவென்று எனக்குத் தெரியும். பிளக்குக்குத் தீப்பொறி அனுப்ப, பழைய கார்களில் இரண்டு சின்ன உலோக முனைகள் சேர்ந்து சேர்ந்து பிரியும். பாயிண்ட் என்பார்கள். அது தேய்ந்து கருகிவிடுகிறது. அதற்குப் பதிலாக எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டால் தொல்லை தீரும் என்று கோயம்புத்தூரில் இருக்கும் என் மகள் ஒன்றை வாங்கி அனுப்பினாள். சோப்புப் பெட்டி அளவுதான். சீட்டில் பதினொரு சாமான் எழுதியிருந்தது, எண்ணினால் பத்து. பெட்டியின் பக்கவாட்டில் மூன்று பின், அதாவது ஊசி போன்ற முனைகள், உள்ள ஆழமான குழி ஒன்று இருந்தது. அதில் சொருகி ஒயரை இணைக்கும் கப்ளரைத்தான் காணோம். விற்றவருக்குப் போன் செய்தேன். தனியாக வரவழைக்கப் பத்தொன்பது நாள் ஆகும் என்றார்.

ஊரில் ஏழு கடை ஏறினேன். முதல் கடையில், "எந்த வண்டிக்கு?" என்றார்கள். கார் பெயரைச் சொன்னேன். "அந்த வண்டியில இந்தக் கப்ளரே கிடையாதேய்யா" என்றார். கிடையாது என்பதால்தான் வந்திருக்கிறேன் என்று விளக்குவதற்குள் அடுத்த ஆளுக்கு பல்பு எடுக்கப் போய்விட்டார். மூன்றாவது கடையில் கிடைத்தது குழியைவிட ஒரு நூலளவு அகலம் கூடுதல். ஐந்தாவது கடையில் முழு ஒயரிங்கோடு சேர்த்து வாங்கினால் தருவதாகச் சொன்னார்கள். ஆறாவது கடைக்காரர், "ஒயர முறுக்கிச் சொருகி டேப்ப சுத்தி விடுங்கய்யா, கப்ளராவது ஒண்ணாவது" என்றார். நெற்குப்பை வரை எத்தனை வேகத்தடை என்று அவருக்குத் தெரியாது. இருபத்து மூன்று. ஏழாவதாக ஏறியது பழம்பொருள் கடை. அங்கே பீங்கான் சுவிட்ச் ஒன்றை எடுத்துத் துடைத்துக் காட்டி, "இது கப்ளருக்கெல்லாம் பாட்டன்யா" என்றார்கள்.

கெடுவின் பதினோராம் நாள் புதுவயலுக்கு பஸ் ஏறினேன். அரிசி ஆலைகளுக்கு வரும் லாரிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் ஒருவர் அங்கே இருக்கிறார். ஐம்பது வயதிருக்கும். குழியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு பெயிண்ட் டப்பாவைக் காலால் என் பக்கம் தள்ளினார். உடைத்த வண்டிகளிலிருந்து நறுக்கி எடுத்த கப்ளர்கள், உமித் தூசியோடு.

"உள்ள கெடந்தாலும் கெடக்கும். பாருங்க. எனக்கு மூணு லாரி நிக்கிது."

நூற்று அறுபத்து மூன்றாவது கப்ளர் 'டக்'கென்று உட்கார்ந்தது. நான் கத்திய கத்தலில் லாரிக்கு அடியிலிருந்து அவர் தலையை நீட்டினார்.

"ஷாக் அடிச்சிருச்சா?"

"சேர்ந்துருச்சு தம்பி!"

"அப்ப மிச்சத்த அள்ளிப் போட்டுட்டுப் போங்க."

ஒயரை நானே இணைத்தேன். மின்வாரியத்தில் மீட்டர் பிரிவில் இருந்தவன் இன்னொருவரைக் கூப்பிடுவது கௌரவமில்லை. படத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இருந்தது. ஒன்று பாட்டரி, இரண்டு எர்த், மூன்று சிக்னல். கப்ளரைக் கையில் பிடித்து இடமிருந்து வலமாக எண்ணி ஒயரைப் போட்டேன். ஸ்டார்ட் செய்தேன். எடுக்கவில்லை. அந்த நாற்பத்தொன்றில் சேராமல், விட்டு விட்டு ஆறு நாளில் ஐம்பத்தெட்டு முறை பார்த்தேன். ஹோட்டல்காரர் அளவு டேப்போடு வந்து காரின் நீளம் அகலம் அளந்துகொண்டு போனார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கௌரவத்தை விட்டுவிட்டு எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டேன்.

"கப்ளர எந்தப் பக்கமாப் பாத்து எண்ணுனீக?"

"என் பக்கமாத்தான். ஒயர் வர்ற பக்கம்."

"படம் போட்டவன் மூஞ்சிப் பக்கமா, பொட்டியில சொருகுற பக்கமாப் பாத்துப் போட்டிருப்பான்ல. அங்குட்டு ஒண்ணுன்னா இங்குட்டு அது மூணு. நடுவுல உள்ளது மட்டுந்தான் சரியா இருக்கும். பொக வரலைல்ல?"

"வரலை."

"பொழச்சுது. மாத்திப் போடுங்க. கரண்டு ஆபீசுல எத்தன வருசம் இருந்தீக?"

"முப்பத்து நாலு."

"சரி விடுங்க, ஊருக்குக் கரண்டு வந்துச்சுல்ல."

முப்பத்து நான்கு வருடமும் மீட்டரை முன்னால் நின்றே பார்த்தவன் நான். என் கண்ணுக்கு நேரே தெரிவதுதான் முன்பக்கம் என்று நம்பிவிட்டேன். இரண்டு ஒயரையும் இடம் மாற்றினேன். சாவியைத் திருப்பியதும் எடுத்தது.

மறுநாள் நெற்குப்பை வாசலில் போய் நின்றபோதுதான் பயம் வந்தது. அணைத்தால் திரும்ப எடுக்குமா? அணைக்கவில்லை. மனைவியை இறக்கிவிட்டு, இன்ஜின் ஓட ஓட உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி பத்து நிமிடம். மச்சினன் மாலையோடு வந்து ஜன்னல் வழியாக விபூதி பூசிவிட்டுப் போனார். இரண்டு பேர் என்னை டிரைவர் என்று நினைத்து, பந்தி பின்பக்கம் என்றார்கள்.

கடைசியில் மனைவியே வந்தாள்.

"இறங்குங்க. இலை போட்டாச்சு."

"திரும்ப எடுக்காட்டி?"

"எடுக்காட்டி ஹோட்டலுக்கு. அதுக்காகப் பட்டினியாக் கெடப்பீகளா?" கையை நுழைத்து அவளே வண்டியை அணைத்துச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

என்ன சாப்பிட்டேன் என்று ஞாபகமில்லை. இலையில் எத்தனை வகை இருந்தது என்றுகூட எண்ணவில்லை.

காருக்குத் திரும்பி வந்ததும் சாவியை என்னிடம் தராமல் அவளே போட்டுத் திருப்பினாள். பாதித் திருப்பிலேயே எடுத்துவிட்டது. சுற்றி வந்து ஏறி, கதவைச் சாத்தி, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் பார்த்தாள்.

"ஹோட்டல்காரர்ட்ட நானே சொல்லிக்கிறேன். மொதல்ல பெட்ரோல் பங்குக்கு விடுங்க. முள்ளு கீழ கெடக்கு. ரெண்டு மணி நேரம் நின்ன எடத்துலயே எரிச்சிருக்கீகளே, வீடு வரைக்கும் எதுல போறது?"