தளர்வாகக் கட்டிய நூல்

போன ஞாயிறு மாதா கோவிலில் பூசை முடியும்வரை நான் உட்காரவே இல்லை. "என்ன பக்தி!" என்று இரண்டு பேர் மெச்சினார்கள். பக்தியாவது ஒன்றாவது... எனக்குப் பவுத்திரம் ஐயா, பவுத்திரம்! ஆசனவாய்க்குப் பக்கத்தில் துளை விழுந்து சீழ் வடிகிறவன் எங்கே உட்காருவது?

இரண்டு மாதம் முன்பு ஆபரேஷன் ஆயிற்று. டாக்டர் நம் ஊர்க்காரர்தான், பிரெஞ்சுப் படிப்பு. துளைக்குள் பட்டு நூல் ஒன்றைக் கோத்து, வளையமாக முடிந்து, அப்படியே விட்டுவிட்டார். அறுக்கவே இல்லை!

"உங்களுக்குக் குடல்லயே புண்ணு இருக்கு. வருஷக்கணக்கா வயித்தால போவுதுன்னீங்களே, அதான். இப்ப அறுத்தா ஆறாது. அடக்குற சதையும் போயிட்டா மலத்த அடக்க முடியாது. சீழ் உள்ள தங்காம வடியத்தான் நூலு. தளர்வாவே கெடக்கட்டும், தொடாதீங்க" என்றார்.

நான் லேசில் நம்புகிறவனா?

என் மச்சான் அந்தோணிக்கும் இதே நோய் வந்தது. ரெட்டியார்பாளையத்து வைத்தியர் மருந்து பூசிய நூலைக் கட்டி, வாரம் ஒருமுறை இறுக்கி இறுக்கி, நூலாலேயே அறுத்துவிட்டார். இன்று அவன் வெறும் பலகையில் உட்கார்ந்து சீட்டாடுகிறான்.

"இறுக்காத நூலு எப்படி மச்சான் அறுக்கும்? உங்க டாக்டரு பாதியில வுட்டுட்டாரு" என்றான்.

எனக்கும் அதே சந்தேகம். ஆள் தள்ளுகிற புஷ் வண்டியில் ஒருக்களித்துச் சாய்ந்தபடி வைத்தியரிடம் போனேன். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். எத்தனை தடவை போகிறது, ரத்தம் உண்டா என்று விசாரித்தார்.

"அந்தோணிக்கு நல்ல வயிறு. உன்னுது புண்ணான வயிறு. நான் இறுக்க மாட்டேன், போயிட்டு வா."

பார்த்தீர்களா? ஒருவரை ஒருவர் மதிக்காத இரண்டு பேர் ஒரே பேச்சுப் பேசுகிறார்கள் என்றால்... உள்ளே ஏதோ இருக்கிறது! இருவரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டார்கள் என்றே முடிவு கட்டினேன். மச்சானையே இறுக்கச் சொன்னேன். அந்த மகராசனும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறுக்கினான்.

மூன்றாம் நாள் காய்ச்சல். வலியில் நிற்கவும் முடியவில்லை. டாக்டர் பார்த்தார், முகம் சிவந்துவிட்டது. நூலை வெட்டி எறிந்து, வேறு நூல் போட்டார்.

"சதை எவ்ளோ அறுந்துச்சின்னு தெரியல. நாளைக்கு நீங்கதான் சொல்லணும்."

இனி ஆயுசுக்கும் வேட்டியிலேயே போய்விடுமா? நாலு பேர் நடுவில் எப்படி நிற்பேன்? மறுநாள் காலை வயிறு கலக்கியது. கொல்லைக் கதவு வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்... அடக்க முடிந்தது! அங்கேயே நின்று அழுதேன். அதை என் மனைவி தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். ஆகவே நானும் இங்கே எழுதிவிட்டேன்.

வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். டாக்டர் 'சுகமா' என்றுகூடக் கேட்பதில்லை. நேரே முடிச்சைத்தான் பார்க்கிறார்.

ஒரு மனுஷனுக்கு இவ்வளவு சந்தேகம் ஆகுமா?