நிக்கல் பூசிய திருகு

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளை வேக்குவம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். கண்ணாடித் தகடுகளில் வெள்ளியை மெல்லிய படலமாகப் படியவைக்கும் வெற்றிடக் கலம் அவள் பொறுப்பில் இருந்தது. கலத்திலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, உள்ளே வெள்ளியைச் சூடாக்கினால், அது ஆவியாகி எதிரே இருக்கும் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே ஒரு விரல்ரேகை விழுந்தாலும் காரியம் கெட்டது. கையுறை போடாமல் யாராவது கிட்டே வந்தால் எரிந்து விழுவாள்.

அவள் கணவர் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஸ்டோர் பொறுப்பாளர். யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

மகளுக்குப் பல் பிடுங்க அவள் விடுப்பு எடுத்த அன்று, ஆய்வுக்கூடத் தலைவியான பேராசிரியை தானே கலத்தை இயக்கினார். மறுநாள் அவள் வந்து திறந்தபோது உள்சுவரெங்கும் சாம்பல் பூத்திருந்தது. தகடுகளின் மின்தடையை அளந்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

"கலத்தை இப்படியா வச்சிருப்பீங்க? உங்களை நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!" என்று பேராசிரியை எல்லோர் முன்னாலும் கத்தினார். கையுறைப் பெட்டி கொடுக்க வந்த கணவர், வாசலில் தரையைப் பார்த்தபடி நின்றார்.

அவள் கலத்தை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினாள். சூடேற்றியின் ஓரத்தில் ஒரு திருகின் தலை கொப்புளித்திருந்தது. பிளேடால் சுரண்டினாள். வெள்ளைப் பூச்சு உரிந்தது, அடியில் மஞ்சள். பித்தளை! அதிலிருக்கும் துத்தநாகம் வெற்றிடத்தில் சூடு பட்டதும் ஆவியாகிக் கலம் முழுக்க அப்பிக்கொள்ளும். திருகோடு தடதடவென்று கீழே இறங்கினாள்.

"இது என்ன?"

கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேத்து மேடம் சூடேற்றிக்கு ஸ்டீல் திருகு கேட்டாங்க. ஸ்டாக் இல்ல. இதுவும் வெள்ளையாத்தானே இருக்குன்னு..."

"நிக்கல் பூசின பித்தளைன்னு உங்களுக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாது."

"ஒரு திருகுதானேம்மா."

"திருகை விடுங்க. என்னைத் திட்டினப்போ வாசல்லதானே நின்னீங்க? அப்பவே தெரியும்ல?"

"சந்தேகமா இருந்துச்சு..."

"அதைச் சொல்ல வேண்டியதுதானே? வாய்க்கும் ஸ்டாக் இல்லையா?"

அன்று சாப்பாட்டு மேசையில் பேச்சு மூச்சு இல்லை. வீங்கிய கன்னத்தோடு மகள்தான் கேட்டாள்: "பல்லு புடுங்கினது எனக்கு. நீங்க ரெண்டு பேரும் ஏன் வாயத் திறக்க மாட்டேங்கறீங்க?"

மறுநாள் அவர் பேராசிரியையின் அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, உண்மையைச் சொன்னார். பேராசிரியை அவளிடம் வந்து, "மனசுல வச்சுக்காதீங்க," என்றார், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில். அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

கலத்தைத் தேய்க்கக் கணவரையே வரவழைத்தாள். தலைக்கு உறை, மேலங்கி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு அவர் வியர்க்க வியர்க்கத் தேய்த்தார். அவள் வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்து, "இன்னொரு தடவை," என்பாள். அவ்வளவுதான் பேச்சு.

ஒருவழியாகப் படலம் பளபளவென்று வந்தது. அளவுகளும் சீராக வந்தன. வாரக் கூட்டத்தில் பேராசிரியை எல்லோரையும் பாராட்டிக்கொண்டிருந்தபோது அவள் எழுந்தாள்.

"ஒரு விஷயம் மேடம். கலம் கெட்டது என்னால இல்ல. ஸ்டீல்னு சொல்லிப் பித்தளைத் திருகு குடுத்திருக்காங்க. குடுத்தது என் வீட்டுக்காரர்."

பேராசிரியை தொண்டையைச் செருமினார். "ஆமா. நான்தான் விசாரிக்காம அவங்களைத் திட்டிட்டேன். தப்பு என்மேல." இந்த முறை எல்லோருக்கும் கேட்டது.

மாலையில் பேருந்து நிறுத்தத்தில் கணவர் முகம் சிவந்து நின்றார். "மானம் போச்சு. வீட்டுல வச்சுச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"என்னை வீட்டுல வச்சா திட்டினாங்க?"

பேருந்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள். வேறு இடம் காலியில்லை.